சாமியார் இல்லாத ஊரில் சபை எப்படி நின்றது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் ஏரிக்கரைப் பங்கில் அன்பியங்களுக்குப் புதிதாக ஒரு தொலைநோக்கு எழுத வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. "டீச்சர், நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். வாழ்நாள் முழுக்க வரலாறு சொல்லிக்கொடுத்தவளிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், அவள் முதலில் பின்னால்தான் திரும்பிப் பார்ப்பாள். பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

என் மாணவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். அன்பியம் என்பது ஒரு பங்கிலுள்ள குடும்பங்களை இருபது, முப்பது வீடுகளாகப் பிரித்து அமைக்கும் சிறு குழு. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வீட்டில் கூடுவார்கள். விவிலியத்தில் ஒரு பகுதியை வாசிப்பார்கள், பேசுவார்கள், செபிப்பார்கள், அந்தத் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம் என்று பார்ப்பார்கள். மற்ற சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம், செல் குழு என்று வேறு பெயர்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது பல ஊர்களில் இது சோர்ந்து கிடக்கிறது. வருவது பெண்களும் வயதானவர்களும்தான். ஆண்கள் ஏரியிலோ கடலிலோ இருக்கிறார்கள், பிள்ளைகள் எண்ணூர் பக்கமும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். "இதெல்லாம் மேலிருந்து வந்த திட்டம் டீச்சர், இருபது வருஷம் ஓடுச்சு, போதும்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். திட்டம் என்ற அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நம் கரைகளில் இந்தச் சின்ன வட்டங்கள் இருந்தன. சாமியார் இல்லாத ஊர்களில் சபையைத் தாங்கி நின்றவை அவைதான்.

முதலில் தெற்கே முத்துக்குளித்துறைக்குப் போவோம். 1530-களில் அங்கே பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து பார்த்தபோது, பெயரளவில்தான் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். செபம் தெரியாது, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. கரை நெடுக ஊர்கள், இவரோ ஒருவர். என்ன செய்தார்? தமிழ் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழில் எழுதிக்கொண்டார். ஊருக்கு ஊர் ஒரு பிரதியை விட்டுவிட்டுப் போனார். அதை ஊராருக்குச் சொல்லிக்கொடுக்கவும், ஞாயிறுதோறும் அவர்களைக் கூட்டவும், சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் அந்தந்த ஊரிலேயே ஆட்களை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்றும் உபதேசியார் என்றும் பிற்காலத்தில் நாம் அறிந்த பொறுப்புகள் இப்படித்தான் வேர்பிடித்தன. அவர்களுக்கான சம்பளத்துக்கு, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்ட 4,000 பணத்தைக் கேட்டு வாங்கினார். அரசியின் செருப்புக் காசில் நம் மீனவக் குப்பத்து உபதேசியாருக்குச் சம்பளம்! வகுப்பில் இதைச் சொன்னால் நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள், நினைவிருக்கிறதா?

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை ஆழமாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறு நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் நூல் என்று மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்பீர்கள். அது யார் கைக்காக அச்சானது என்றும் யோசியுங்கள். போதிக்க ஆள் போதாத ஊர்களில், கூடியிருந்து சொல்லிச் சொல்லிப் பழகும் எளிய மக்களுக்கான நூல் அது.

இனி நம் பழவேற்காட்டுக்கு வருவோம். போர்ச்சுக்கீசியர் இங்கே வந்து குடியேறினார்கள். மகிமை மாதா ஆலயம் 1515-இல் எழுந்தது என்று மரபு சொல்கிறது. 1610-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமே பல ஆண்டுகள் இந்த ஊர்தான். டச்சுக் கல்லறைக்கு உங்களை அழைத்துப் போயிருக்கிறேன். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பாதிப் பேர் உள்ளே வர மாட்டேன் என்று அடம்பிடித்தீர்கள்.

அந்த டச்சுக் கம்பெனிதான் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. பிடித்தவுடன் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தியது. குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணையிட்டது. கோயில்களை எடுத்துக்கொண்டது. சாமியார் இல்லை, கோயில் இல்லை, திருப்பலி இல்லை. ஏறக்குறைய முப்பது வருடம் அப்படியே போயிற்று. ஒரு தலைமுறைக் காலம்.

1687-இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் என்ற குரு ஏழைக் கூலி வேடத்தில் தூத்துக்குடியில் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். அங்கே நம்பிக்கை அணையாமல் இருந்தது. வீடுகளுக்குள் செபம் நடந்துகொண்டிருந்தது. அவர் சில்லாலை போன்ற ஊர்களில் இரவில் மக்களைச் சந்தித்தார். 1689 கிறிஸ்துமஸ் இரவில் வீடுகளில் கூடியிருந்தவர்களை டச்சுக்காரர்கள் வளைத்துப் பிடித்தார்கள். சிலருக்குக் கடும் தண்டனை கிடைத்தது. வாஸ் அடிகளார் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. அவர் செய்த முக்கியமான வேலை, ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியையும் பொறுப்பில் வைத்ததுதான். சிறுவருக்குச் சொல்லிக்கொடுப்பது, ஞாயிறு செபம் நடத்துவது, நோயாளியைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. குரு வருடத்துக்கு ஒரு முறை வந்தாலும், வராமலே போனாலும், ஊர் நிற்கும். அவர் 1711-இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த அண்ணாவிகளைத்தான் நினைத்தேன். அவர்கள் பெயர்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை.

இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் சீர்திருத்த சபைகளில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1670-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஸ்பேனர் என்ற போதகர் தம் வீட்டில் சிறு கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கவலை. எல்லோரும் வேதத்தைத் தாங்களே வாசித்து, தாங்களே பேச வேண்டும் என்றார். அந்த இயக்கம் ஹாலே நகரில் வேரூன்றியது. அதன் வழியே வந்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. அதே ஹாலேயில் படித்து, 1742 முதல் சென்னையில் பணியாற்றியவர் பப்ரிஷியஸ். தமிழ் படித்தவர்களுக்கு அவருடைய அகராதி தெரியும், 1779-இல் வந்தது.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பப்ரிஷியஸின் சபை தன் இடத்தை இழந்தது. அவர் தம் மக்களோடு எங்கே வந்து தங்கினார் தெரியுமா? டச்சுக்காரர் கையிலிருந்த நம் பழவேற்காட்டில்தான். 1749-இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகுதான் திரும்பி வேப்பேரியில் நிலைகொண்டார். 1758-இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது மறுபடியும் இங்கேயே வந்தார். ஸ்பேனர் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய ஒரு நீரோட்டம், அகதிகளாக வந்த ஒரு சிறு தமிழ்ச் சபையோடு நம் ஏரிக்கரையைத் தொட்டிருக்கிறது. கட்டடம் கையைவிட்டுப் போனது, கூடுகை போகவில்லை. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரைத் துரத்திய அதே கம்பெனியின் கொடி நிழலில் இவர்களுக்கு அடைக்கலம் கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வரலாறு யாருக்கும் ஒரே முகம் காட்டுவதில்லை.

பப்ரிஷியஸ் சென்னையில் பொறுப்பேற்ற அதே 1742-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் கட்டிய கூடத்துக்குக் கடன் ஏறிவிட்டது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வாரம்தோறும் வீடு வீடாகப் போய்க் காசு வாங்க வேண்டும். இல்லாதவருக்குத் தம் கையிலிருந்து போட வேண்டும். அப்படிப் போனபோதுதான் ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் நோய் என்று தெரியவந்தது. வெஸ்லி அந்த நொடியில் பிடித்துக்கொண்டார்: நமக்கு வேண்டியது இதுதான். காசு வசூலிக்கப் போன ஆள் விசாரிக்கிற ஆளாக மாறினார். வகுப்புக் கூட்டம் என்ற அந்தச் சின்ன வட்டம்தான் மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பு ஆனது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறைப்பது ஒன்று. அங்கே வசூல் விசாரிப்பாக மாறியது. நம்மிடம் பல இடங்களில் விசாரிப்பு வசூலாக மாறிவிட்டது. திருவிழா வரி, கட்டட நிதி, சந்தா. அன்பியப் பொறுப்பாளர் வருகிறார் என்றால் கதவைப் பாதி சாத்துகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அண்மைக் காலம். 1968-இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடி, அடித்தளச் சமூகங்களுக்கு ஆதரவு சொன்னார்கள். அங்கேயும் காரணம் குருக்கள் பற்றாக்குறைதான், கூடவே ஏழ்மை. 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் சிறு கிறிஸ்தவச் சமூகங்களைத் தங்கள் முதல் பணியாக எடுத்துக்கொண்டார்கள். 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசிய ஆயர்கள் கூடி, திருச்சபை என்பது சமூகங்களின் சமூகமாக இருக்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் அன்பியம் பரவலானது. அன்பு என்ற சொல்லிலிருந்து பிறந்த அழகான பெயர். பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ்க் காது இருந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தார் வகுத்த ஏழு படி முறை இங்கே வந்தது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, அமைதி, பகிர்வு, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று பேசுவது, நிறைவுச் செபம். இதில் ஆறாவது படியைக் கவனியுங்கள். நான் போன கூட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஐந்திலிருந்து நேராக ஏழுக்குத் தாவிவிடுவோம். நேரமாகிவிட்டது, டீ ஆறுகிறது. அந்த ஆறாவது படியில்தான் யாழ்ப்பாணத்து அண்ணாவிகள் வாழ்ந்தார்கள். அது இல்லாவிட்டால் மிச்சமிருப்பது இன்னொரு செபக்கூட்டம்.

நம் ஏரிக்கே இதில் சொல்ல ஒரு பாடம் உண்டு. பாடு முறை உங்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஏரியில் சுத்து வலை போடும் இடங்களைத் தலைக்கட்டுகளுக்கு முறை வைத்துக் கொடுப்பது. நல்ல இடம் ஒருவனுக்கே என்று கிடையாது. இன்று உனக்கு, நாளை எனக்கு. காவல்துறை இல்லாமல், காகிதம் அதிகம் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பசியையும் பொறாமையையும் அடக்கி வைத்த ஏற்பாடு. இது ஏன் நின்றது? ஒவ்வொருவனுக்கும் ஒரு முறை உண்டு. தன் முறையில் அவன் வராவிட்டால் கண்டிப்பாகத் தெரியும். ஆள் சின்னவனா பெரியவனா என்பது முறையை மாற்றாது.

ஆனால் பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பாட்டில் பெயர் இல்லாதவன் கரையில்தான் நிற்க வேண்டும். பாடு உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் எத்தனை சண்டை! ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு எந்தப் பாட்டில் இடம்? சின்ன வட்டத்தின் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பவனை நன்றாகப் பார்க்கும், வெளியே நிற்பவனைப் பார்க்காது. நம் ஊர்களில் தெரு என்றால் பெரும்பாலும் சாதி. தெருவாரியாக அன்பியம் பிரித்தால், நம்மை அறியாமலே சாதிவாரியாகப் பிரித்துவிடுகிறோம். இதை எழுதினால் சிலருக்கு வருத்தம் வரும். வரலாற்று ஆசிரியை சொல்லாமல் யார் சொல்வது?

2004 டிசம்பர் 26 பற்றி ஒரு வரி. அலை வந்த அன்று உயரமான இடம் தேடி ஓடிவந்து தங்கியவர்களைக் கணக்கெடுக்க முயன்றபோது, அச்சடித்த பட்டியல்களைவிட உதவியது சில பெண்களின் நினைவுதான். "எங்க சந்துல ஒன்பது வீடு, எட்டு வந்தாச்சு, கடைசி வீட்டுக் கெழவிய காணோம்" என்று உடனே சொல்லத் தெரிந்தவர்கள். இருபது வீடு, முப்பது வீடு என்று ஏன் எண்ணிக்கை வைக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. ஒரு மனிதரால் முகத்தோடு நினைவில் வைத்துக்கொள்ள முடிந்த அளவு அது.

சரி, கேட்ட இரண்டு பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான்.

ஒன்று, கூடும் நாளைப் பங்கு அலுவலகம் முடிவு செய்ய வேண்டாம். வலை போகும் நாள், போகாத நாள், முகத்துவாரம் அடைத்துக் கிடக்கும் மாதம் எல்லாம் அந்தந்தக் குப்பத்துக்குத்தான் தெரியும். ஆண்கள் வருவதில்லை என்று வருந்துவதற்கு முன், அவர்கள் கரையில் இருக்கும் நேரத்தில் கூடுகிறோமா என்று கேட்போம்.

இரண்டு, பொறுப்பு பாட்டைப் போலச் சுற்றி வரட்டும். ஒரே அண்ணன், ஒரே அக்கா பத்து வருடம் நடத்த வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு முறை வரட்டும். வாசிக்க அவருடைய பேத்தி இருக்கிறாள், நடத்த அவர் இருக்கட்டும்.

மூன்று, அன்பியப் பொறுப்பாளர் கையில் ரசீதுப் புத்தகம் கொடுக்காதீர்கள். பங்குக்குப் பணம் தேவைதான். அதற்கு வேறு ஆள் போகட்டும்.

நான்கு, ஆறாவது படிக்கு ஒரு நோட்டு. மாதம் ஒரு காரியம் போதும். மருத்துவமனைக்குத் துணை போவது, படிப்பை நிறுத்திய பையனை மறுபடி பள்ளிக்கு அனுப்புவது, விதவை உதவித்தொகைக்கு மனு எழுதுவது. செய்தோமா இல்லையா என்று அடுத்த மாதம் முதல் வேலையாக அந்த நோட்டை வாசிக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு நோட்டு எழுதுவது புதிதல்ல. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

ஐந்து, வருடத்தில் சில கூடுகைகளாவது வேறு தெருவில், வேறு குப்பத்தில் நடக்கட்டும். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் தரும் டீயைக் குடிக்க வேண்டும். இது நடக்காவிட்டால் மற்ற நான்கும் நடந்தும் பயன் இல்லை.

இதில் புதுமை எதுவும் இல்லை. பிரதியைக் கையில் வாங்கிய முத்துக்குளித்துறை ஊர்க்காரரும், டச்சுக் காவலுக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு செபம் சொன்ன யாழ்ப்பாணத்து அண்ணாவியும், அகதியாக இங்கே வந்த சென்னைச் சபையாரும் செய்ததுதான். அவர்களுக்குச் சாமியார் இல்லாததால் பொறுப்பு வந்தது. நமக்குச் சாமியார் இருக்கிறார், கோயில் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. இத்தனையும் இருந்தும் அந்தப் பொறுப்பை நாமாகவே எடுத்துக்கொள்வோமா என்பதுதான் கேள்வி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் பழைய செபப் புத்தகமோ, உபதேசியார் கையால் எழுதிய நோட்டோ, ஊர்க் கூட்டக் குறிப்போ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த மதத்தாராக இருந்தாலும் சரி, பாட்டு முறைக் கணக்காக இருந்தாலும் சரி. கரையான் தொடுவதற்கு முன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். இந்த ஏரிக்கரையில் சாதாரண மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்கினார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்